சீமை அத்தியில் இலை செழிக்கிறது, பழம் ஏன் இனிக்கவில்லை?

கேள்வி: வீட்டின் பின்புறம், தென்னையை ஒட்டி, மூன்று ஆண்டுகளுக்கு முன் சீமை அத்தி நட்டேன். நாள்தோறும் தண்ணீர் விடுகிறேன். மரம் பத்தடிக்கு மேல் வளர்ந்துவிட்டது. ஆனால் காய்கள் குறைவு, பழுப்பவையும் வெடித்துப் புளித்துப்போகின்றன. பூவே கண்ணில் படவில்லை. மகரந்தச் சேர்க்கை நடக்காததுதான் காரணமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பூ கண்ணில் படாதது குறையன்று. ஓர் இளங்காயை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உட்சுவர் முழுவதும் இழை இழையாக நெருங்கி நிற்பவை எல்லாம் பூக்களே. ஸ்மிர்னா வகை அத்திக்குத்தான் காய்க்குள் நுழைந்து மகரந்தம் சேர்க்கும் சிறு குளவி தேவை; நம் ஊர் நாற்றங்கால்களில் பெரும்பாலும் விற்கப்படும் பூனா அத்தி போன்ற வகைகள் அந்த உதவியின்றியே பழுக்கும்.

உங்கள் மரத்துக்கு நேர்ந்திருப்பது நிழலும் மிகுதியான நீரும்தான் என்று கருதுகிறேன். மேற்காசியாவின் வறண்ட நிலத்திலிருந்து வந்த இந்த மரம், வெயிலையும் வடிகாலுள்ள மண்ணையுமே விரும்பும். அத்திக்குப் பெயர்பெற்ற புனே அருகிலுள்ள புரந்தர் வட்டாரத்தில், மழைக்காலத்தில் பழுப்பதைப் புளிப்புப் பருவம் என்றும் கோடையில் பழுப்பதை இனிப்புப் பருவம் என்றும் பிரித்தே பேசுகிறார்கள். மரம் ஒன்றுதான், ஈரம்தான் சுவையை மாற்றுகிறது. ஆகவே மேல்மண் இரண்டு அங்குல ஆழத்துக்குக் காய்ந்த பிறகே நீர் விடுங்கள்; காய் நிறம் மாறத் தொடங்கியதும் அதையும் குறைத்துவிடுங்கள்.

அடுத்தது கவாத்து. புதுத் தளிரின் இலைக்கக்கத்தில்தான், அதாவது இலை தண்டோடு சேரும் இடுக்கில்தான், காய் பிடிக்கும் என்பதால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், டிசம்பர் இறுதியில், கிளைகளைப் பாதியளவு வெட்டிவிடுங்கள். கோடையில் பழம் கிடைக்கும். வெட்டும்போது வடியும் பால் தோலில் அரிப்பை உண்டாக்கும், கையுறை அவசியம். இலையின் அடியில் துருநிறப் புள்ளிகள் தென்பட்டால் உதிர்ந்த சருகுகளைக் கூட்டி எரித்துவிடுங்கள்.

பறிப்பதில் அவசரம் கூடாது, ஏனெனில் அத்தி பறித்த பின் இனிப்பேறாது. காம்பு தளர்ந்து பழம் தலை கவிழ்ந்து தொங்கும்போது பறியுங்கள். அதுவரை அணிலிடமிருந்து காக்க வலைப்பை கட்டலாம்.

தென்னை நிழலை மட்டும் எதனாலும் ஈடுசெய்ய இயலாது. எனவே வெட்டிய கிளைகளை எறிந்துவிடாமல், பென்சில் பருமனில் ஒரு சாண் நீளக் குச்சிகளாக நறுக்கி, மணல் கலந்த மண்ணில் ஊன்றி வையுங்கள். வேர் பிடித்தபின், நாள் முழுவதும் வெயில் விழும் இடமாகப் பார்த்து ஒன்றை நடுங்கள்.