ஐஸ் ஹவுஸ் டீச்சர்

கேள்வி: மகளிர் தினத்துக்கு எங்கள் பள்ளியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெண்களைப் படிக்கவைத்த ஒரு தலைமை ஆசிரியையைப் பற்றிப் பேச வேண்டும். சாவித்ரிபாய் புலே பற்றி எல்லோரும் பேசியாயிற்று. நம் பக்கம் யாராவது உண்டா?
- ஓர் ஆசிரியை, மன்னார்குடி

பதில்: ஏன் இல்லை? சகோதரி சுப்புலட்சுமி இருக்கிறாரே! மெரினாவில் விவேகானந்தர் இல்லம் என்று வளைவான முகப்போடு ஒரு கட்டடம் நிற்கிறதல்லவா, அதுதான் பழைய ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை அடுக்கி வைக்கக் கட்டியது. அங்கேதான் இளம் விதவைப் பெண்களைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார்.

1886-இல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம், கொஞ்ச காலத்திலேயே கணவன் இறந்துவிட்டான். அந்தக் கால வழக்கப்படி மூலையில் உட்காரவைக்காமல் அப்பா சுப்பிரமணிய அய்யர் படிக்கவைத்தார். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். மறுவருஷமே எழும்பூரில் தன் வீட்டிலேயே சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு விடுதியைத் தொடங்கிவிட்டார். அதுதான் பின்னால் ஐஸ் ஹவுஸுக்கு மாறியது.

எனக்குப் பிடித்தது அவருடைய சாமர்த்தியம். ஊரோடு நேருக்கு நேர் முட்டிக்கொள்ளவில்லை. ‘எங்கள் ஆசாரம் கெட்டுவிடும்’ என்றார்கள் பெற்றோர். சரி, சமையல் முதல் பூஜை வரை உங்கள் ஆசாரப்படியே நடக்கும், பெண்ணை மட்டும் அனுப்புங்கள் என்றார். சாக்குச் சொல்ல அவர்களிடம் என்ன மிச்சம்? படித்த பெண்கள் ஆசிரியைகளாகிச் சம்பளம் வாங்கினார்கள். 1922-இல் தொடங்கிய லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு முதல் முதல்வரும் அவரே. 18 வயதைத் தாண்டிய விதவைகளுக்கு ஐஸ் ஹவுஸில் இருந்த அரசு விடுதியில் இடமில்லை என்றதும், 1927-இல் சாரதா வித்யாலயாவைத் தொடங்கினார். 1958-இல் பத்மஸ்ரீ வந்தது.

மேடையில் ஒன்றை மறைக்காதீர்கள். அந்த முதல் விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும்தான். ஆசாரத்துக்கு விட்டுக்கொடுத்ததன் விலை அது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் பேச்சு நேர்மையாக இருக்கும்.

கேள்வி: அதெல்லாம் அந்தக் காலம். பத்தாவது முடித்ததும் ‘மாப்பிள்ளை வந்திருக்கிறது’ என்று டி.சி. கேட்டு வருகிறவர்களை என்ன செய்வது?
- அதே ஆசிரியை

பதில்: சட்டம் உங்கள் பக்கம். 1930-இல் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் அமலானபோது பெண்ணின் கல்யாண வயது 14. இப்போது 18. தேதி குறித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் யோசிக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது என்றால், புதுமைப் பெண் திட்டத்தைச் சொல்லுங்கள். ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் கல்லூரி போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும்.

அப்புறம் நான் செய்த ஒரு திருட்டுத்தனம். தலைமை ஆசிரியையாக இருந்தபோது ஒரு தகப்பனார் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டே வந்து, “மாமன் வீட்ல கேக்குறாங்க டீச்சர், டி.சி. குடுத்துருங்க” என்றார். “தருகிறேன். ஆனால் பிள்ளை நேரில் வந்து, எனக்குப் படிப்பு வேண்டாம் என்று தன் கையால் எழுதித் தர வேண்டும். அதுதான் விதி” என்றேன். மறுநாள் அழைத்து வந்தார். வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினேன். அவள் தேதியை மட்டும் எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அப்பாவும் மகளும் கால்மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர், “பதினொண்ணுக்கு எப்ப டீச்சர் அப்ளிகேஷன் தருவீங்க?” என்றார்.

அப்படியொரு விதியே கிடையாது என்று எங்கள் கிளார்க்குக்கு நன்றாகத் தெரியும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.