"என்னைத் தெரியுதா?" என்று கேட்காதீர்கள்: மறதி நோயாளியுடன் உறவைத் தொடர்வது பற்றிக் கேள்வி பதில்

மதுரையிலிருந்து ஒரு மகள்: வணக்கம் மேடம். அம்மாவுக்கு 76 வயது, அல்சைமர். நான் போய் நின்றால் "யாரு நீ?" என்கிறார். "என்னைத் தெரியலையாம்மா?" என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பதில்: அந்தக் கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள். இந்த நோயில் முதலில் அடிபடுபவற்றில் ஒன்று, புதிய நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி. அண்மைக் காலம் அழிந்து பழையது நிற்கும். அவர் மனதில் இருக்கும் மகளுக்கு இன்னும் பாவாடை தாவணி வயதாக இருக்கலாம். எதிரே நிற்கும் உங்களோடு அது பொருந்தவில்லை. பெயர் போனாலும் 'இவள் நம்ம ஆள்' என்ற உணர்வு நெடுநாள் தங்கும். ஆனால் பரீட்சை வைத்தால், கேள்வி மறந்த பிறகும் தோற்றுப்போன வெட்கம் அவருக்குள் மிஞ்சும்.

முன்பக்கமாக வாருங்கள், பார்வை வட்டம் சுருங்கியிருக்கும், பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிடுவார். எதிரே உட்கார்ந்து, "அம்மா, உங்க மூத்த மக வந்திருக்கேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம் போதும். பிறகு மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். மூன்று நொடியில் பதில் வரவில்லை என்று அதையே வேறு வார்த்தையில் கேட்பார்கள். அவருக்கு அது இரண்டாவது கேள்வி, முதலிலிருந்து யோசிக்கவேண்டும். "என்ன சாப்பிடுறீங்க?" என்பதைவிட, தட்டைக் காட்டி "இட்லியா, தோசையா?" என்பது எளிது.

பேசும் முன் டிவியை நிறுத்துங்கள். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, காது மெஷினில் பேட்டரி இருக்கிறதா, கண்ணாடி துடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மறதி என்று நாம் நினைப்பதில் கொஞ்சம் வெறும் காது கேளாமைதான்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு மகன்: வீடியோ காலில் அப்பா போனைப் பார்ப்பதே இல்லை. இரண்டு நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறார்.

பதில்: நேரத்தை மாற்றுங்கள். காலை டிபன் முடிந்து 10, 11 மணிவாக்கில் பலர் தெளிவாக இருப்பார்கள். நீங்கள் வேலை முடித்து அழைக்கும் மாலை அவருக்குச் சோர்வான நேரம். கையில் போனைக் கொடுக்காமல், டேப்லெட்டைக் கண் உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்லுங்கள். ஓரத்தில் அவர் முகமே சின்னதாகத் தெரிவதை மறைத்துவிடுங்கள். 'யாரோ கிழவர்' என்று பயப்படுவார்கள். நீங்களும் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள், முகம் இருட்டாகிவிடும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும். ஐந்து நிமிடம் போதும்.

"இன்னைக்கு என்ன பண்ணீங்க?" என்பது அண்மை நினைவைக் கேட்கும் கேள்வி, வேண்டாம். அவருக்கு எழுபது வயதைத் தாண்டியிருந்தால் 1960களின் டி.எம்.எஸ்., சுசீலா பாட்டு ஒன்றைப் போட்டுச் சேர்ந்து பாடுங்கள். இளமையில் சிலோன் ரேடியோவில் கேட்டது, பேச்சுத் தடுமாறும்போதும் பல்லவியாக வரும்.

திருச்சியிலிருந்து ஒரு மனைவி: என் வீட்டுக்காரர் "எங்கம்மா எங்கே?" என்று தேடுகிறார். மாமியார் காலமாகி இருபது வருடம். உண்மையைச் சொன்னால் புதிதாக அழுகிறார். பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

பதில்: பொய் சொல்லவேண்டாம், சாவை ஒவ்வொரு முறையும் அறிவிக்கவும் வேண்டாம். "அம்மா ஞாபகம் வந்துடுச்சா? அவங்க வைக்கிற மீன்குழம்பு எப்படி இருக்கும்?" என்று அவர் நிற்கும் இடத்துக்கே போங்கள். அவர் தேடுவது பெரும்பாலும் அம்மாவிடம் கிடைத்த பாதுகாப்பை. பசியா, வலியா, சிறுநீர் முட்டுகிறதா என்றும் பாருங்கள். "செத்துட்டாங்களா?" என்று அவரே நேராகக் கேட்டால், கையைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்று சொல்லி, அழ விடுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு மருமகள்: அத்தை தன் சுருக்குப் பையை நான் திருடிவிட்டதாக வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். மனசு விட்டுப்போச்சு.

பதில்: உங்கள் வேதனை நியாயமானது. ஒளித்துவைத்தது மறந்துபோகிறது, பை காணவில்லை. கூடவே இருப்பவர்மேல் பழி விழுகிறது. இது நோயின் வேலை. "நான் எடுக்கல" என்று வாதாடினால் சந்தேகம் முற்றும். "அய்யோ, காணோமா? வாங்க, சேர்ந்து தேடுவோம்" என்று கிளம்புங்கள். தலையணை உறை, அரிசி டின், புடவை மடிப்பு, வழக்கமான இடங்கள் இவை. அதேபோல் இன்னொரு பை வாங்கிச் சில்லறை போட்டு வையுங்கள். உறவினர்களிடம் நோயைப் பற்றி உங்கள் கணவர் பேசட்டும். அந்தப் பாரமும் உங்கள் தலையில் விழக்கூடாது.

நாகர்கோவிலிலிருந்து ஒரு பேரன்: நன்றாகப் பேசிக்கொண்டிருந்த தாத்தா இரண்டு நாளாகத் தூங்கி வழிகிறார், சம்பந்தமில்லாமல் உளறுகிறார். நோய் முற்றிவிட்டதா?

பதில்: இன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மறதி நோய் பொதுவாக மெதுவாகத்தான் முற்றும். இரண்டு நாளில் மாற்றம் என்றால் சிறுநீர்த் தொற்று, நீர் வற்றல், மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மருந்து என்று வேறு காரணம் இருக்கலாம். சளிக்குக் கடையில் வாங்கிக் கொடுக்கும் சில மாத்திரைகளே குழப்பத்தைக் கூட்டும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துப்போங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு மகன்: அம்மாவுக்குப் பேச்சே நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வது?

பதில்: தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் சூடாக்கி, அவர் கைகளை ஒவ்வொன்றாக ஐந்து நிமிடம் மெதுவாகத் தடவுங்கள், தோல் மெலிந்திருக்கும், அழுத்தவேண்டாம். ஒரு மல்லிகைப் பூவை மூக்கருகே காட்டுங்கள். அவர் வாயில் போட்டுவிடாமல் உங்கள் கையிலேயே வைத்திருங்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டே தொடுங்கள். புருவம் சுருங்கினாலோ, கை இழுத்துக்கொண்டாலோ நிறுத்துங்கள். மூச்சு நிதானமாகி, மடங்கியிருந்த விரல்கள் தளர்ந்தால் அதுதான் அவர் பதில்.