கையில் ஜிபிஎஸ் இருந்தும் ஊற்று கிடைக்கவில்லை: பழுது கருவியிலா?

கேள்வி: ஐயா, மலைநடைக்காகப் போன மாதம்தான் கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்று வாங்கினேன். எங்கள் குழுவின் மூத்தவர், பழைய தாள் வரைபடத்திலிருந்து எடுத்துவைத்திருந்த நான்கு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எழுதிக் கொடுத்தார். அவற்றைக் கருவியில் ஏற்றிக்கொண்டு நடந்தோம். வந்து சேர்ந்துவிட்டதாகக் கருவி காட்டிய இடத்தில் நீரூற்று இல்லை. சுமார் 180 மீட்டர் தள்ளி, ஓடைக்கு அக்கரையில் இருந்தது. அங்கே போய் நின்று ஒரு புள்ளி குறித்துக்கொண்டேன். மறுநாள் முகாமிட வேண்டிய இடமும் அதே பக்கமாக, கிட்டத்தட்ட அதே தூரம் தள்ளி இருந்தது. கடைக்குக் கொண்டுபோனால் மாற்றித் தர மறுக்கிறார்கள். வரைபடம் பதிந்த மெமரி அட்டை ஒன்று வாங்கிக் கருவியில் போட்டு, கட்டணம் கட்டி 'கேலிபரேஷன்' செய்துகொண்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். அடுத்த மாதம் மூன்று நாள் நடை இருக்கிறது. இந்தக் கருவியை நம்பிப் போகலாமா?

பதில்: முதலில் அந்தக் கடையில் ஒரு காசும் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. உங்கள் கேள்வியிலேயே அதற்கான தடயம் இருக்கிறது: இரண்டு இடங்களும் ஒரே பக்கம், ஒரே அளவு தள்ளியிருந்தன.

ஒரு கடிகாரம் இன்று பத்து நிமிடம் முந்தி, நாளை ஏழு நிமிடம் பிந்தி ஓடினால் அது பழுது. எப்போது பார்த்தாலும் சரியாகப் பத்து நிமிடம் முந்தியே காட்டினால் கடிகாரம் நன்றாகத்தான் ஓடுகிறது, யாரோ முள்ளைத் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஜிபிஎஸ் கருவியும் அப்படித்தான். வரவேற்பு சரியில்லை என்றால் பிழை நாலா பக்கமும் சிதறும். எல்லாப் புள்ளியும் ஒரே திசையில் நகர்ந்திருந்தால், கருவிக்குக் கொடுத்த எண்களும் கருவி போடும் கணக்கும் வேறு வேறு அடிப்படையில் இருக்கின்றன.

அந்த அடிப்படைக்கு டேட்டம் என்று பெயர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பூமி சீரான உருண்டை இல்லை. செயற்கைக்கோள்கள் வருவதற்கு முன்பு ஒவ்வொரு நாடும் தன் நிலத்துக்குப் பொருந்துகிற ஒரு வடிவத்தை எடுத்துக்கொண்டு, தனக்கென ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து அளந்து வரைபடம் போட்டது. தெற்காசியாவின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற பெயருள்ள கணக்கில் இருக்கும். பிரிட்டனுக்கு ஓஎஸ்ஜிபி 36, வட அமெரிக்காவின் பழைய தாள்களுக்கு என்ஏடி 27. ஜிபிஎஸ் பின்பற்றுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகப் பொதுக் கணக்கு. ஒரே ஊற்றுக்கு ஒவ்வொரு கணக்கிலும் எண் கொஞ்சம் மாறும். அந்தக் 'கொஞ்சம்' நிலத்தில் நூறு, இருநூறு மீட்டராகிவிடும். ஆஸ்திரேலியா புதிய கணக்குக்கு மாறியபோது எண்கள் ஏறக்குறைய 200 மீட்டர் நகர்ந்தன. ஜப்பான் 2002இல் பழைய டோக்கியோ டேட்டத்தைக் கைவிட்டபோது டோக்கியோ வட்டாரத்தில் வித்தியாசம் 400 மீட்டருக்கும் மேல். ஆகவே உங்கள் 180 மீட்டர் எனக்கு வியப்பாக இல்லை.

சரி, எப்படித் திருத்துவது? கருவியின் செட்டிங் மெனுவில் 'பொசிஷன் ஃபார்மட்' என்ற பகுதிக்குப் போங்கள். அங்கேயே 'மேப் டேட்டம்' என்று ஒரு வரி இருக்கும். மூத்தவர் பயன்படுத்திய வரைபடத்தின் ஓரத்தில் அல்லது கீழ் மூலையில் சிறிய எழுத்தில் டேட்டம் பெயர் அச்சிட்டிருப்பார்கள். மெனுவில் அதையே தேர்ந்தெடுங்கள். பிறகு பழைய புள்ளிகளை அழித்துவிட்டு, அவர் கொடுத்த எண்களைப் புதிதாக ஏற்றுங்கள். ஏற்றி முடித்ததும் டேட்டத்தைத் திரும்ப டபிள்யூஜிஎஸ் 84க்கு மாற்றிவிடுங்கள். கருவி உள்ளே எல்லாவற்றையும் பொதுக் கணக்கிலேயே சேமித்துக்கொள்ளும், அதனால் இடம் கெடாது.

'புதிதாக ஏற்றுங்கள்' என்று நான் சொல்வதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பாதிப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். ஏற்கெனவே இருக்கும் புள்ளிகளை வைத்துக்கொண்டு செட்டிங்கை மட்டும் மாற்றினால் திரையில் எண்கள் மாறும், ஆனால் புள்ளி நிலத்தில் இம்மியும் நகராது. எண் மாறியதைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று நினைத்துக் கிளம்பி, மறுபடியும் அதே வெற்றிடத்தில் போய் நிற்பார்கள்.

வரைபடம் கைவசம் இல்லை, டேட்டம் என்னவென்று அவருக்கும் நினைவில்லை என்றாலும் வழி இருக்கிறது. ஊற்றருகே நின்று ஒரு புள்ளி குறித்தீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள். அந்தப் புள்ளியைத் திறந்து, தாளில் எழுதிய எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் பகுதிக்குரிய டேட்டங்களை மெனுவில் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எதில் திரை எண்ணும் தாள் எண்ணும் ஒட்டி வருகிறதோ அதுதான் உங்கள் ஆள்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். எண்ணை எழுதும் முறையிலும் தப்பு நடக்கும். தாளில் '24 நிமிடம் 15 விநாடி' என்று இருந்ததை 24.15 நிமிடம் என்று ஏற்றியிருந்தால்? 15 விநாடி என்பது கால் நிமிடம், 24.25 என்று வந்திருக்க வேண்டும். அட்சரேகையில் ஒரு நிமிடம் சுமார் 1,850 மீட்டர். ஆக இந்தச் சின்ன வித்தியாசமே 185 மீட்டர் தள்ளிவிடும். உங்கள் தூரத்தோடு பொருந்துகிறதே என்று நானும் முதலில் யோசித்தேன். ஆனால் இந்தத் தப்பு ஒவ்வொரு புள்ளியையும் வெவ்வேறு அளவில் தள்ளும். உங்கள் இரண்டு இடங்களும் ஒரே அளவு நகர்ந்திருப்பதால் இதைத் தள்ளுபடி செய்கிறேன். எதற்கும் ஏற்றும்போது ஒருமுறை சரிபாருங்கள். பிழை கிலோமீட்டர் கணக்கில் வந்தால் எழுத்துமுறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இனி கடைக்காரருக்கு வருகிறேன். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

வரைபட அட்டை உங்கள் இருப்பிடக் கணக்கைத் தொடக்கூட முடியாது. இடத்தைச் சொல்வது செயற்கைக்கோள் சமிக்ஞை. வரைபடம் அதற்கு அடியில் விரித்த படம். படத்தை மாற்றினால் நீங்கள் நிற்கும் இடத்தின் எண் மாறாது. அப்புறம் அந்த 'கேலிபரேஷன்'. இருப்பிடத்தைக் கடையில் வைத்து அளவுதிருத்தம் செய்ய வழியே கிடையாது. கருவியில் அப்படித் திருத்த வேண்டியவை இரண்டுதான்: மின்னணுத் திசைகாட்டி, காற்றழுத்த உயரமானி. திசைகாட்டியை, குறிப்பாக பேட்டரி மாற்றிய பிறகு, திரையில் சொல்கிறபடி கருவியைச் சுழற்றி நீங்களே ஒரு நிமிடத்தில் சரிசெய்யலாம். உயரமானிக்கு, உயரம் தெரிந்த இடத்தில் நின்று அந்த எண்ணைக் கொடுத்தால் போதும். இதற்குக் கட்டணம் கேட்பவர் உங்கள் அறியாமைக்கு விலை போடுகிறார். 'சிக்னல் ரீசார்ஜ்' என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஜிபிஎஸ் சமிக்ஞை உலகம் முழுவதும் இலவசம். விற்கப்படும் அட்டைகளில் பல, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தின் தரவிலிருந்து யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய வரைபடங்களின் நகல்களே.

இதைவிட மோசம் 'டிராக்' விற்கும் இடைத்தரகர்கள். யாரோ நடந்த தடத்தை வாங்கிக் கருவியில் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம் என்பார்கள். பல வருடங்களுக்கு முன் நானும் ஒன்று வாங்கினேன். கோடு நேராகப் போய் ஒரு பள்ளத்தின் விளிம்பில் நின்றது. நடந்தவர் சுற்றித்தான் போயிருக்கிறார். சேமிக்கும்போது கருவி தடத்தைச் சில நூறு புள்ளிகளாகச் சுருக்கியதில் வளைவுகள் காணாமல் போய்விட்டன. பழைய கருவிகள் 250, 500 புள்ளிகளுக்கு மேல் வைத்துக்கொள்ளா. விற்றவர் அந்த மலையின் அடிவாரத்தைக்கூடப் பார்த்ததில்லை என்று பிறகுதான் தெரிந்தது. இருட்டுவதற்குள் திரும்பிவிட்டோம். அன்றிலிருந்து, யார் எப்போது எந்தக் கருவியோடு நடந்தார் என்று தெரியாத தடத்தை நான் கருவியில் ஏற்றுவதில்லை.

இத்தனை குழப்பமும் தேவையில்லாதது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2000 மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்துவைத்திருந்தது. அப்போது கருவியே நூறு மீட்டர் வரை தடுமாறும், அதில் டேட்டம் பிழை கண்ணில் படவில்லை. அந்தக் கலப்பை நிறுத்திய பிறகு, திறந்தவெளியில் நல்ல கருவி ஐந்து, பத்து மீட்டருக்குள் சொல்லிவிடுகிறது. இருபது வருடங்களுக்கு மேலாகியும் வழிகாட்டிப் புத்தகங்களும் சுற்றறிக்கைகளும் டேட்டம் பெயரைப் போடாமல் வெறும் எண்களை அச்சிடுகின்றன. கருவி செய்பவர்களோ, ஓர் உயிரையே பாதிக்கக்கூடிய இந்தச் செட்டிங்கை நான்காவது மெனுவுக்குள் நூறு சுருக்கெழுத்துகளுக்கு நடுவே ஒளித்துவைக்கிறார்கள். புள்ளியை ஏற்றும்போதே 'இந்த எண் எந்த வரைபடத்திலிருந்து வந்தது?' என்று கருவி ஒரு கேள்வி கேட்டால் போதும். ஏன் இன்னும் கேட்பதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

கருவியையே சந்தேகிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்பிய குறுகிய பள்ளத்தாக்கு. உங்கள் நடையில் ஓடை வருகிறது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் சமிக்ஞை வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துத்தான் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. பள்ளத்தாக்கில் அது நேராக வராமல் பாறையில் மோதி எதிரொலிபோல வந்து சேரும். சுற்றி வந்ததால் தாமதம், தாமதத்தால் தூரக் கணக்கு தப்பு. போதாததற்கு அங்கே தெரிவது வானத்தின் ஒரு கீற்றுதான். தெரியும் செயற்கைக்கோள்கள் எல்லாம் ஒரே வரிசையில் நின்றுவிடும், நாலா பக்கமும் பரந்திருந்தால்தான் கணக்கு உறுதிப்படும். அப்போது கருவி உங்களை அக்கரையில் நிற்பதாகக் காட்டும், அடுத்த நிமிடம் இக்கரைக்குத் தாவும்.

திரையில் 'துல்லியம் 8 மீட்டர்' என்று எழுதியிருக்கலாம், அங்கே அதை நம்பாதீர்கள். அது கருவியின் ஊகம், உத்தரவாதம் இல்லை. கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நீங்கள் நிற்கும்போதே திரையில் தடம் கிறுக்கலாக ஓடினால் அந்த இடத்தில் கருவி பேசுவதைக் கேட்கக் கூடாது. அங்கே புள்ளி குறிக்கவும் கூடாது. பள்ளத்தில் இறங்கும் முன் திறந்த இடத்தில் ஒன்று, ஏறிய பின் ஒன்று குறியுங்கள். நடுவில் ஓடையின் வளைவையும் தாள் வரைபடத்தையும் பார்த்து நடங்கள். மெனுவில் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்களையும் சேர்த்துக்கொள்ளும் வசதி இருந்தால் இயக்கிவையுங்கள், பள்ளத்தாக்கில் அது உண்மையிலேயே உதவும். கருவியை இடுப்புப் பைக்குள் போடாமல் தோள்பட்டையின் மேல் மாட்டுங்கள், உங்கள் உடம்பே பாதி வானத்தை மறைக்கிறது. அடர்ந்த மரநிழலிலும் கொஞ்சம் தடுமாறும், ஆனால் பாறைச் சுவர் அளவுக்கு இல்லை.

மூன்று நாள் நடைக்குக் கருவியை எடுத்துச் செல்லுங்கள். கிளம்பும் இடத்தை நீங்களே குறித்து, தடப்பதிவை இயக்கிவிட்டு நடங்கள். 'கோ டு' அழுத்தினால் வரும் அம்பு நேர்கோடு காட்டும், நடுவில் இருக்கும் செங்குத்துப் பாறை அதற்குத் தெரியாது. மாற்று பேட்டரி இரண்டு செட் வேண்டும், குளிரான இடமென்றால் லித்தியம் வகை. எந்த வகை போட்டீர்களோ அதையே மெனுவிலும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மீதி எவ்வளவு என்று தப்பாகக் காட்டும். தாள் வரைபடமும் காந்தத் திசைகாட்டியும் பையில் இருக்கட்டும். சாதாரண ஜிபிஎஸ் கருவி கேட்க மட்டுமே செய்யும், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று யாருக்கும் சொல்லாது. ஆகவே போகும் வழியையும் திரும்பும் நாளையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கிளம்புவதற்கு முன்பே வீட்டில் ஒரு சோதனை செய்துவிடுங்கள். திருத்திய டேட்டத்தில் ஊற்றின் தாள் எண்ணை மட்டும் முதலில் ஏற்றி, நீங்கள் அங்கே நின்று குறித்த புள்ளியோடு ஒப்பிடுங்கள். பழைய தாளிலிருந்து கையால் எடுத்த எண் என்பதால் முப்பது, நாற்பது மீட்டர் வேறுபாடு வரலாம், அது பரவாயில்லை. அதற்குள் இருந்தால் மற்ற மூன்றையும் ஏற்றலாம். மூத்தவரிடமும் சொல்லி, அந்தத் தாளின் தலைப்பில் டேட்டம் பெயரை எழுதிவைக்கச் சொல்லுங்கள். அவர் அதை இன்னும் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறாரோ.