ஜப்பானிய ஓவியர் ஹிரோஷி யோஷிடா எண்ணெய் ஓவியத்தை விட்டு மர அச்சுக்கு (செதுக்கிய மரக்கட்டையில் மை தடவித் தாளில் பதிக்கும் கலைக்கு) ஏன் வந்தார்? ஒரே கட்டைகளில் காலைக் காட்சியையும் இரவுக் காட்சியையும் எப்படி எடுத்தார்?

முதலில் ஒரு திருத்தம். அவர் ஓவியத்தை விடவில்லை. 1876இல் பிறந்தவர், 1899இலேயே அமெரிக்கா போய் நீர்வண்ணப் படங்களை விற்றவர். மர அச்சுக்கு வந்தது நாற்பதைத் தாண்டிய பிறகு, 1920இல், பதிப்பாளர் வதனபே ஷோசபுரோ கேட்டதால். 1923 டோக்கியோ நிலநடுக்கத் தீயில் வதனபேயின் கட்டைகளும் அச்சுகளும் எரிந்துபோயின. அதன்பின் அமெரிக்கா போனபோது அங்கே ஜப்பானிய அச்சுக்கு இருந்த கிராக்கியை நேரில் பார்த்தார். 1925இல் திரும்பியதும் செதுக்குபவரையும் அச்சிடுபவரையும் தானே அமர்த்திப் பட்டறை போட்டுவிட்டார். பழைய முறையில் ஓவியர் வரைந்து கொடுப்பதோடு சரி. நிறத்தில் கடைசி வார்த்தை பதிப்பாளருடையது. யோஷிடாவுக்கு அது ஒத்துவரவில்லை.

இரண்டாவது கேள்விக்கு விடையும் இதில்தான் இருக்கிறது. 1926இல் வந்த பாய்மரப் படகு வரிசையில் காலை, மாலை, மூடுபனி, இரவு எல்லாவற்றுக்கும் அடிப்படைக் கட்டைகள் ஒன்றே. மாறுவது மை. கட்டை காட்சியின் எலும்பு மட்டும்தான். பொழுதைக் கொண்டுவருவது அச்சிடும் கை.

வானம் மேலே அடர்ந்து கீழே கரைவதற்கு 'பொகாஷி' என்று பெயர். செரி மரக் கட்டையை ஈரத்துணியால் துடைத்து, பிரஷ்ஷின் ஒரு முனையில் மட்டும் மை, மறுமுனையில் தண்ணீர், கூடவே துளி அரிசிப் பசை வைத்து ஒரே திசையில் தேய்ப்பார்கள். பிறகு தாளை வைத்து, மூங்கில் மட்டை சுற்றிய 'பரேன்' வட்டால் முதுகில் அழுத்துவார்கள். பசை குறைந்தால் நிறம் எள் தூவியது போலப் புள்ளி புள்ளியாக விழும். ஜப்பானியரும் அதை எள் என்றேதான் சொல்கிறார்கள்!

பெரிய தொல்லை ஈரம். விலங்குப் பசையும் படிகாரமும் பூசிய மல்பெரி நார்த்தாளை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். யோஷிடாவின் அச்சுகளில் ஒரு தாள் முப்பது தடவைக்கு மேல் கட்டைக்குப் போவது சாதாரணம். நடுவில் கொஞ்சம் காய்ந்தால் தாள் சுருங்கும்; கட்டை மூலையில் வெட்டிய 'கெந்தோ' பள்ளத்தில் சரியாகப் பொருத்தினாலும் படகுப் பாயின் ஓரத்தில் மயிரிழை வெள்ளை தெரியும். அதனால்தான் தாள்களை ஈரத்தாள்களுக்கு நடுவே அடுக்கி மூடியே வைப்பார்கள். தாள் பெரிதானால் இந்தத் தொல்லையும் பெரிதாகும்.

வாங்கும் எண்ணம் இருந்தால்: ஓரத்தில் 'ஜிசுரி' முத்திரை இருக்கிறதா பாருங்கள். 'தானே அச்சிட்டது' என்று பொருள். உண்மையில் அவர் மேற்பார்வையில் ஆட்கள் அச்சிட்டது. 1930-31 இந்தியப் பயணத்துக்குப் பின் தாஜ்மகாலோடு மதுரைக் கோயிலையும் அச்சாக்கினார். பட்டியலில் 'மதுரா' (Madura) என்று பழைய ஆங்கில எழுத்தில் இருக்கும். வடக்கே உள்ள மதுரா என்று தள்ளிவிடாதீர்கள். 1950இல் அவர் மறைந்த பிறகும் பழைய கட்டைகளிலிருந்து அச்சுகள் வந்தன. அவற்றில் ஜிசுரி இருக்காது, பென்சில் கையெழுத்து போலத் தெரிவதும் முத்திரைதான். விளக்குக்குச் சாய்த்துப் பாருங்கள்: நிஜப் பென்சில் லேசாக மின்னும்.