கடிதத்தில் டோங்காட் எங்கே?

கேள்வி: எனக்கு வயது 67. ஆடி மாதம் கோயிலில் கூழ் வார்த்தபோது எங்கள் மாதர் குழு 312 பேரிடம் கையெழுத்து வாங்கி, பருவநிலை மாற்றத்தைத் தடுக்க உடனே நடவடிக்கை எடுக்கும்படி குடியரசுத் தலைவருக்கு அனுப்பினோம். ஆறு மாதமாகியும் பதில் இல்லை. கூழோடு சேர்ந்து அதுவும் கரைந்துவிட்டது என்று மகன் கேலி செய்கிறான். மறுபடி எழுதலாமா, விட்டுவிடலாமா? நகல் இணைத்துள்ளேன்.
– வாசகி, டோங்காட், தென்னாப்பிரிக்கா

பதில்: விட வேண்டாம் அம்மா. ஆனால் இதே கடிதத்தை மறுபடி அனுப்பாதீர்கள். நகலைப் படித்தேன். துருவக் கரடி இருக்கிறது, பனிப்பாறை இருக்கிறது. டோங்காட் இல்லை!

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு கொட்டிய மழையில் உங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். உங்கள் ஊர்க் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து, மாதக்கணக்கில் வாளியும் கையுமாகத் தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்றீர்கள். முன்பு 40 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய அப்படிப்பட்ட மழை, புவி சூடேறியதால் இப்போது 20 ஆண்டுக்கு ஒருமுறை வரலாம் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். கரடிக்குப் பதில் அந்த வாளியை எழுதுங்கள்.

'நடவடிக்கை எடுங்கள்' என்று கேட்டால் 'எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். காகிதத்தில் அது பொய்யும் இல்லை. 2011இல் ஐ.நா. பருவநிலை மாநாட்டை டர்பனிலேயே நடத்தினார்கள். 2024 ஜூலையில் குடியரசுத் தலைவர் ராமபோசா பருவநிலை மாற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆகவே அவரிடம் நிலக்கரி மின் நிலையங்களை மூடும் தேதியைக் கேளுங்கள். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில்தான் வருகிறது. கோமாட்டி அனல்மின் நிலையத்தை 2022இல் நிறுத்தினார்கள். கேம்டன், ஹென்ட்ரினா, குரூட்ஃப்ளே மூன்றையும் 2030 வரை ஓட்ட முடிவு செய்தார்கள். அதற்குப் பிறகு நீட்டிக்க மாட்டீர்களே, அங்கே வேலை செய்பவர்களுக்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் மழுப்புவது கடினம்.

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது உங்கள் வார்டு கவுன்சிலர். பருவநிலையால் தங்கள் பகுதிக்கு வரும் ஆபத்தை மதிப்பிட்டுத் திட்டம் வகுக்கும் பொறுப்பைப் புதிய சட்டம் மாநகராட்சிகளுக்கும் தருகிறது. நகராட்சி நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. வரைவு பட்ஜெட்டை மார்ச் முடிவதற்குள் மன்றத்தில் வைத்து, பிறகு மக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். உங்கள் கடிதம் போக வேண்டிய நேரம் அதுதான். ஆடியில் போனால் பணத்தைப் பங்கு போட்டு முடித்திருப்பார்கள். சுத்திகரிப்பு நிலையத்தை அடுத்த வெள்ளத்திலிருந்து காக்க இந்த ஆண்டு எத்தனை ரேண்ட் ஒதுக்கியிருக்கிறீர்கள்? இந்த ஒரு கேள்வி போதும். ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

இன்னொன்று, சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். 312 பெயரும் கோயிலுக்கு வருபவர்களுடையவை. அந்த மழையில் அதிகம் செத்தவர்கள் ஆற்றங்கரையிலும் சரிவுகளிலும் தகரக் குடிசை போட்டிருந்தவர்கள். லாரி வரிசையில் உங்களுக்கு முன்னும் பின்னும் நின்ற சூலு பெண்களிடம் ஏன் கையெழுத்துக் கேட்கவில்லை? சூலு மொழியிலும் ஒரு பிரதி எழுதி எடுத்துப் போங்கள்.

கேலி செய்யும் மகனையே காரோட்டச் சொல்லி, கவுன்சிலர் அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு முத்திரை வாங்காமல் படியிறங்காதீர்கள்.