நிலாவெளியில் கெட்ட விடுமுறை: வழக்கை விடுங்கள், பதிவைக் கவனியுங்கள்

கேள்வி: நானும் கணவரும் கொழும்பில் கெம்பர் வான் ஒன்றை வாடகைக்கு எடுத்து டிசம்பரில் திருகோணமலை வந்தோம். நிலாவெளியில் வான் நிறுத்தித் தங்கும் இடமொன்றில் இரண்டு இரவுக்கு 18,000 ரூபா கட்டினோம். கடல் கொந்தளிப்பு, புறாத்தீவுக்குப் படகில்லை, கழிவறையில் நாற்றம், நுளம்பு. உரிமையாளர் மரியாதையில்லாமல் பேசினார். வானுக்குக் கரண்டும் ஒழுங்காக வரவில்லை. எங்கள் கலியாண நாளே பாழாய்ப் போனது. ஃபேஸ்புக்கில் அவர்களைக் 'கள்ளர்' என்று எழுதினேன். முதலில் 10,000 திருப்பித் தருகிறேன் என்றவர், இப்போது 25 லட்சம் கேட்டுச் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறார். நாங்கள் 2 லட்சம் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: இவ்வளவிலும் சட்டத்துக்கு வேண்டியது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய கரண்ட் விஷயம் ஒன்றுதான். வடகீழ்ப் பருவக்காற்றில் நிலாவெளிக் கடல் அப்படித்தான் இருக்கும், அதற்கு யாரும் பொறுப்பில்லை. நுளம்புக்கும் கடுகடுத்த முகத்துக்கும் வழக்கில்லை. கலியாண நாள் கெட்டது எனக்கும் கவலைதான். ஆனால் ஒப்பந்த மீறல் என்று போனால் எங்கள் நாட்டுச் சிவில் வழக்குகளுக்கு அடிப்படையான ரோமன்-டச்சுச் சட்டம் பண நட்டத்தைத்தான் கணக்கெடுக்கும், மனவேதனையை அல்ல. 2 லட்சத்தை மறந்துவிடுங்கள்.

நீங்கள் இணைத்திருந்த வாட்ஸ்அப்பில், காசு போட முதல் "வானில் ஏசி போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். "ஓம், வானுக்கென்று தனி லைன் இருக்கு" என்று அவர் எழுதியிருக்கிறார். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பதோ வீட்டு விறாந்தைப் பிளக்கிலிருந்து தென்னையைச் சுற்றி வரும் எக்ஸ்டென்ஷன் வயர், மூட்டில் பொலித்தீன் சுற்றியபடி. சேவையைப் பற்றிப் பொய்யான உறுதி தருவது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்துக்கு முரண். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி அதிகாரசபை கட்டளையிடலாம். ஆனால் எழுத்து மூல முறைப்பாடு சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். டிசம்பரிலிருந்து எண்ணிப் பாருங்கள். வாட்ஸ்அப் உரையாடல் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி சான்றாக ஏற்கப்படக் கூடியது. ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிட்டோம் என்று அந்தப் போனை மாற்றிவிடாதீர்கள்.

என்னைப் பயமுறுத்துவது உங்கள் பதிவு. அவதூறைக் குற்றமாக்கிய பிரிவுகளை 2002இல் நீக்கிவிட்டார்கள் என்று பலர் துணிகிறார்கள். நீங்கியது குற்றவியல் அவதூறு மட்டுந்தான். சிவில் வழக்கு அப்படியே இருக்கிறது, அதற்கு அவருக்கு இரண்டு வருட அவகாசமும் உண்டு. "தனி லைன் என்று சொன்னார், விறாந்தை வயரைத் தந்தார்" என்று எழுதியிருந்தால் உண்மை, பொதுநலன் என்று நின்று வாதாடலாம். 'கள்ளர்' என்பதை எதைக் கொண்டு நிரூபிப்பீர்கள்?

அதைவிட மோசம் ஜனவரியில் நீங்கள் அவருக்கு அனுப்பிய செய்தி: "முழுக் காசையும் போட்டால் பதிவை எடுப்பன், இல்லாட்டி எல்லாக் குரூப்பிலும் போடுவன்." பெயரைக் கெடுப்பேன் என்று பயமுறுத்திக் காசு கேட்டதாக இதைப் பொலிஸுக்குக் கொண்டுபோகலாம். தண்டனைச் சட்டக்கோவையின் 372ஆம் பிரிவு கப்பம் பற்றியது. அது கடைசிவரை நிற்குமா என்பது வேறு கதை. நியாயம் கேட்டு வந்தவர்களே இப்படியொரு வரியால் பொலிஸில் எதிராளியாய் உட்கார்ந்து வாக்குமூலம் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு வயரைப் பற்றி யாருமே கேட்பதில்லை.

கோரிக்கைக் கடிதத்தைப் 'பூச்சாண்டி' என்று மூலையில் போடவும் வேண்டாம். தொழில்சார்ந்த கடிதத்தில் சொன்னதை ஏற்காதவர் பதில் எழுதி மறுக்க வேண்டும் என்று 1948இலேயே சரவணமுத்து எதிர் டி மெல் வழக்கில் சொல்லியாயிற்று. இரண்டு பந்தியில் மறுப்பை ஒரு சட்டத்தரணி மூலம் அனுப்புங்கள்.

நேரே சொல்கிறேன், அந்த 10,000 ரூபாவோடு சமாதானமாகுங்கள். இந்தத் தொகைக்கு வழக்கென்றாலும் முதலில் இரு தரப்பையும் கூட்டிச் சமரசம் பேசும் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். கொழும்பிலிருந்து இரண்டு தவணைக்கு வந்து போனாலே அந்தக் காசு கரைந்துவிடும். அவர் இப்போது மறுத்தால், 10,000ஐயும் விட்டுக்கொடுத்து 25 லட்சக் கோரிக்கையைக் கைவிடச் செய்தாலும் உங்களுக்கு லாபந்தான்.

ஆனால் ஒற்றைப் பற்றுச்சீட்டில் கையெழுத்து வைத்துவிட்டு வராதீர்கள். பணம் வாங்கியதற்கு மட்டும் ஒப்பமிட்டுப் பதிவையும் நீக்கிவிட்டு வந்தால், அவருடைய கோரிக்கை உயிரோடு இருக்கும், நீக்கியது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் வாசிக்கப்படும். பொறுப்பை ஏற்காமல் பதிவை நீக்குகிறோம், இரு தரப்பும் எல்லாக் கோரிக்கைகளையும் கைவிடுகிறோம், கோரிக்கைக் கடிதம் வாபஸ் என்று ஒரே தாளில் இருவரும் ஒப்பமிட வேண்டும். நீக்க முதல் பதிவையும் அதன் கீழுள்ள கருத்துகளையும் முழுதாகப் பிரதி எடுத்து வையுங்கள். சமாதானம் இழுபட்டால் மூன்று மாதம் முடிய முதல் முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்துவிடுங்கள், பிறகு வாபஸ் வாங்கலாம். அதுவரை அவருக்கு நீங்கள் நேரடியாக ஒரு செய்தியும் அனுப்பக் கூடாது, உங்கள் கணவரும்தான்.