வேடத்துக்கு உடை அமைப்பவரும் ஓவியரே: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தெருக்கூத்து உடைகளைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, ஸ்காட்லாந்து நாட்டு ஓவியரும் நாடக உடை வடிவமைப்பாளருமான டோரதி கார்ல்டன் ஸ்மித்தின் பெயரை ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்குச் சித்தூர் மாவட்டத்திலிருந்தும் குடியாத்தம், திருத்தணிப் பக்கங்களிலிருந்தும் வந்த கடிதங்களைப் பார்த்தபோது, இந்த முறை பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்குவதுதான் முறை என்று பட்டது.

கேள்வி: நீங்கள் குறிப்பிட்ட டோரதி கார்ல்டன் ஸ்மித் யார்? எங்கள் பள்ளி நூலகத்தில் தேடியும் அவரைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை. அவருடைய வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா?
(வாசகி, பலமநேர்)

பதில்: டோரதி 1880ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை சணல் பொருள்கள் தயாரிக்கும் தொழில் செய்தவர். அந்நாளில் ஸ்காட்லாந்தின் சணல் ஆலைகளுக்கு வேண்டிய நார் வங்காளத்து வயல்களிலிருந்துதான் கப்பலேறியது. எனவே அந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கு ஆன செலவில் நம் நாட்டு உழவரின் உழைப்பும் கலந்திருந்தது என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

அவர் கிளாஸ்கோ கலைப்பள்ளியில் சேர்ந்த காலம் அந்தப் பள்ளியின் பொற்காலம். 1885 முதல் 1917 வரை அதன் தலைவராக இருந்த பிரான்சிஸ் நியூபெரி, பெண்களை மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டதோடு நில்லாமல், படித்து முடித்தவர்களை அதே பள்ளியில் ஆசிரியர்களாகவும் அமர்த்தினார். அவருடைய மனைவி ஜெஸ்ஸி நியூபெரி 1894இல் அங்கே பூத்தையல் வகுப்பைத் தொடங்கியிருந்தார். ஊசியும் நூலும் வீட்டு வேலை என்று ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில், தூரிகைக்குச் சமமாக அவை கலைப்பள்ளிக்குள் வந்தது சிறிய செய்தி அல்ல. சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டாஷ் வடிவமைத்த புகழ்பெற்ற பள்ளிக் கட்டடமும் 1897இல் தொடங்கி 1909இல் முடியும் வரை, அந்தத் தலைமுறை மாணவர்களின் கண்ணெதிரே பகுதி பகுதியாக எழுந்தது. டோரதியின் தங்கை ஆலிவும் அதே பள்ளியில் படித்து, பின்னர் அங்கேயே கற்பித்தவர்.

டோரதி ஒரே துறையில் அடங்கியவர் அல்லர். 1901இல் கிளாஸ்கோவில் நடந்த சர்வதேசக் கண்காட்சியில் அவர் செய்த வண்ணக் கண்ணாடிச் சித்திரம் இடம்பெற்றது. டிரிஸ்டன், இசுல்ட் என்னும் பழைய காதலர் கதையை அவர் அதில் தீட்டியிருந்தார். முழு அளவு உருவப்படங்களையும் உள்ளங்கையில் அடங்கும் சிற்றோவியங்களையும் வரைந்தார். இத்தனைக்கும் மேலாக அவர் மனம் சென்ற இடம் நாடக மேடை. இங்கிலாந்தின் ஊர் ஊராகச் சென்று ஷேக்ஸ்பியர் நாடகங்களை நடத்திய பிராங்க் பென்சனின் குழுவுக்கு அவர் உடைகளை வடிவமைத்தார். ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்போர்டில் ஆண்டுதோறும் நடந்த விழாவைப் பல்லாண்டுகள் முன்னின்று நடத்தியதும் அந்தக் குழுதான்.

1914இல் கலைப்பள்ளியின் வணிக ஓவியத் துறைக்குத் தலைவரானார். 1927 வரை அந்தப் பொறுப்பில் இருந்த அவர், பழங்கால உடைகளையும் போர்க்கவசங்களையும் பற்றிய பாடத்தையும் நடத்திவந்தார். 1933இல் பள்ளியின் இயக்குநர் பதவிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முன் எந்தப் பெண்ணும் அமராத நாற்காலி அது. பொறுப்பேற்கும் முன்பே, மூளையில் ஏற்பட்ட ரத்தக் கசிவால், ஐம்பது வயதைச் சற்றே கடந்த நிலையில் அவர் இறந்துபோனார்.

கேள்வி: கைக்கு வராமல் போன ஒரு பதவிக்காக ஒருவரை நினைவுகூர்வது பொருத்தமாகுமா?
(வாசகர், குடியாத்தம்)

பதில்: அந்தப் பதவிக்காக மட்டும் அவரை நினைத்தால், அது அவருக்கு நாம் செய்யும் குறையே. ஆயினும் அந்தத் தேர்வைச் சாதாரணமாக ஒதுக்கவும் என்னால் முடியவில்லை. நாடகத்துக்கு உடை அமைப்பவர், விளம்பரப் படம் வரையக் கற்றுக்கொடுப்பவர் என்ற இரண்டு அடையாளங்களுமே அந்தக் காலத்துக் கலை உலகில் கீழ்ப்படிகளில் வைக்கப்பட்டவை. எண்ணெய் வண்ண ஓவியம் தீட்டியவருக்கே பெரிய மதிப்பு. அப்படியிருக்க, நாட்டின் முதன்மையான கலைப்பள்ளிகளுள் ஒன்று, இந்த இரண்டையும் வாழ்க்கையாகக் கொண்ட ஒரு பெண்மணியைத் தன் தலைமைக்கு அழைத்தது என்றால், பதின்மூன்று ஆண்டுகள் அவர் வகுப்பறையில் செய்த வேலை அத்தனை அழுத்தமாக இருந்திருக்க வேண்டும்.

அவர் மறைந்த பிறகு வில்லியம் ஹட்சிசன் அந்தப் பொறுப்புக்கு வந்தார். அடுத்து ஒரு பெண், சியோனா ரீட், அந்த நாற்காலியில் அமர்ந்தது 1999இல். இடையில் கடந்தவை அறுபத்தாறு ஆண்டுகள்.

கேள்வி: நான் முப்பது ஆண்டுகளாகக் கூத்தாடுகிறேன். கட்டை (மரத்தில் குடைந்த வேட அணிகள்), கிரீடம், புஜக்கீர்த்தி (தோளணி) எல்லாம் எங்கள் பெரியவர்கள் வகுத்த முறைப்படியே செய்கிறோம். யாரும் தாளில் வரைந்து பார்ப்பதில்லை. வெள்ளைக்கார நாட்டில் இதற்கென ஓவியர் எதற்கு? அவர் வரைவார், வேறொருவர் தைப்பார் என்றால் அதில் அவர் பங்குதான் என்ன?
(கூத்துக் கலைஞர், குப்பம்)

பதில்: ஐயா, உங்கள் கேள்வி என்னை மிகவும் மகிழ்வித்தது, வேலையைக் கையால் அறிந்தவர்தான் இப்படிக் கேட்க முடியும். உங்கள் கலையில் துரியோதனனுக்கு எந்தக் கிரீடம், கிருஷ்ணனுக்கு எந்த முகவண்ணம் என்பது தலைமுறை தலைமுறையாக முடிவாகி இருக்கிறது. கல்யாண முருங்கை மரத்தைக் குடைந்து, கண்ணாடித் துண்டும் சரிகைத் தாளும் ஒட்டும் கைக்கு அந்த வடிவம் மனப்பாடம். அங்கே தாளில் வரைய வேண்டிய தேவை எழுவதில்லை.

பென்சனின் குழு போன்ற ஒன்றின் நிலைமை வேறு. ஒரே வாரத்தில் ரோமாபுரி மன்னன் கதை ஒரு நாள், இங்கிலாந்து அரசன் கதை மறுநாள், வெனிஸ் நகரத்து வணிகன் கதை அதற்கடுத்த நாள் என்று மாறி மாறி நடிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நாடு வேறு, நூற்றாண்டு வேறு. பழைய ஓவியங்களையும் கல்லறைச் சிற்பங்களையும் பார்த்து, அந்தக் காலத்துச் சட்டையின் கழுத்து எவ்வளவு உயரம், கைப்பகுதி தோளில் எங்கே இணைகிறது, இடுப்பில் துணி மடிந்து விழுகிறதா இறுகி நிற்கிறதா என்பதையெல்லாம் கண்டறிய வேண்டும். டோரதி கவசங்களைப் பற்றியும் பாடம் நடத்தியதன் காரணம் இதுதான். இரும்புக் கவசம் அணிந்தவன் எப்படி நடப்பான், எப்படித் திரும்புவான் என்று தெரியாமல், அட்டையும் துணியும் கொண்டு அதன் சாயலை மேடையில் உண்டாக்க முடியாது.

அதற்குப் பிறகு வருவதுதான் ஓவியரின் வேலையில் கடினமான பகுதி. அரசியும் தோழியரும் எதிரிகளும் ஒரே காட்சியில் நிற்கும்போது, கடைசி வரிசையில் இருப்பவரின் கண்ணும் முதலில் அரசியிடம் போக வேண்டும். அதற்காக யாருக்கு எந்த நிறம், யாருக்கு எவ்வளவு மினுமினுப்பு என்று பங்கிட வேண்டும். இதைத் தனித்தனி உடையாக நினைத்துச் செய்ய முடியாது. மேடை முழுவதையும் ஒரு படமாகக் கண்டு, அந்தப் படத்துக்குள் நடமாடும் மனிதர்களை வண்ணங்களாக எண்ணியே செய்ய வேண்டும். அவர் தரும் தாளில் உருவம் மட்டும் இராது. இன்ன துணி, இன்ன நிறம், எங்கே எவ்வளவு சுருக்கு என்ற குறிப்புகள் இருக்கும். துணியின் மாதிரித் துண்டையும் ஓரத்தில் குத்திவைப்பது இந்தத் தொழிலின் வழக்கம். தைப்பவருக்கு அதுவே கட்டளை.

விளக்கு என்பது இன்னொரு பெருஞ்சிக்கல். லண்டன் சவாய் அரங்கம் 1881இல் முழுவதும் மின்விளக்குக்கு மாறியது. மற்ற அரங்குகள் வாயு விளக்கிலிருந்து மெல்ல மெல்ல மாறின. மஞ்சள் சாய்ந்த விளக்கொளியில் இளமஞ்சள் துணி வெளுத்து வெண்மையாகத் தெரியும். கரு நீலம் கறுப்பாகிவிடும். பகலில் கடையில் பார்த்து வாங்கிய துணி இரவில் மேடையில் வேறொரு துணியாக நிற்கும். இதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் சிறுவயதில் எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில், பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு முன்னால் வேடதாரி ஒருமுறை திரும்பினால் புஜக்கீர்த்தியின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகப் பொறி சிந்தும். டியூப் லைட் வந்த பிறகு அதே கட்டைகள் மங்கிப்போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒளி ஒரு புள்ளியிலிருந்து வராமல் நீளமாகப் பரவியதே அதற்குக் காரணம். கட்டைகளில் எந்தக் குறையும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடும்போது, திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் அசைவதைக் கண்டே கூட்டம் நிமிர்ந்து உட்காருகிறதே, அந்தக் கணத்தை முன்கூட்டியே கணக்கிட்டுத்தான் உங்கள் முன்னோர் கிரீடத்துக்கு அத்தனை உயரம் வைத்தார்கள். தாளில் வரையாவிட்டாலும் அவர்களும் வடிவமைப்பாளர்களே. அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியாமல் போனதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு.

கேள்வி: என் அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். கூத்துக் குழுவினருக்குப் பாவாடை தைத்துக் கொடுப்பதோடு, புது வேடங்களை நோட்டில் வரைந்தும் வைத்திருக்கிறாள். "தையலுக்குக் கல்லூரி எதற்கு?" என்கிறார்கள் உறவினர்கள். அவளுக்கு என்ன வழி?
(வாசகி, நகரி)

பதில்: அம்மா, அந்த நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கல்லூரி வாசலில் அதுதான் அவளுக்காகப் பேசும். சென்னை எழும்பூரில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. அங்கே ஓவியம், சிற்பம் ஆகியவற்றோடு துணி வடிவமைப்புக்கும் பட்டப்படிப்பு இருக்கிறது. பட்டம் பெற்றபின் நாடகத்தையே தொடர விரும்பினால், டெல்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பில் மேடை வடிவமைப்பைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பகுதியின் முகவரியையும் மதிப்பெண்ணையும் பொறுத்து இட ஒதுக்கீட்டு விதிகள் மாறக்கூடும் என்பதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பை நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதுவரை விடுமுறை நாள்களில் அவளை ஸ்ரீகாளஹஸ்திக்கு அழைத்துப் போங்கள். கலம்காரி கலைஞர்கள் கடுக்காயும் பாலும் ஏற்றிய துணியில், கருக்கிய புளியங்குச்சியால் முதல் கோட்டை இழுத்து, பிறகு வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் ஊறிய கரைசலைத் தொட்டுக் கறுப்புக் கோடு போடுவதைப் பக்கத்தில் அமர்ந்து பார்க்கட்டும். துணி சாயத்தை எப்படிக் குடிக்கிறது என்பதைப் புத்தகம் சொல்லித்தராது. உறவினர்களிடம், தையல் வகுப்புக்கு இடம் கொடுத்த ஒரு கலைப்பள்ளி, பின்னாளில் நாடக உடை அமைத்த பெண்மணியைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்த கதையைச் சொல்லுங்கள்.

கேள்வி: டோரதி அமைத்த உடைகள் எங்காவது பாதுகாக்கப்பட்டுள்ளனவா? எங்கள் ஊரிலும் பழைய கட்டைகள் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. எடைக்குப் போட்டுவிடலாம் என்று பேச்சு நடக்கிறது.
(வாசகர், திருத்தணி)

பதில்: டோரதியின் ஓவியங்களும் தாள்களும் கிளாஸ்கோ கலைப்பள்ளியின் காப்பகத்தில் உள்ளன. நாடக உடையின் விதி வேறு. வியர்வையில் நனையும், கிழியும், அடுத்த நாடகத்துக்காகப் பிரித்துத் தைக்கப்படும், கடைசியில் கந்தலாகும். தப்பிப் பிழைத்தவை மிகச் சில. 1888இல் லண்டன் லைசியம் அரங்கில் மேக்பெத் நாடகத்துக்காக நடிகை எல்லன் டெரி அணிந்த பச்சை உடை அவற்றுள் ஒன்று. ஆலிஸ் காமின்ஸ் கார் வடிவமைக்க, ஏடா நெட்டில்ஷிப் தைத்தது. அதன் மேல் பொன்வண்டின் இறகுகளை நூற்றுக்கணக்கில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் தீப்பெட்டியில் அடைத்து வளர்க்கிறார்களே, அந்தப் பொன்வண்டின் இனம்தான். அடுத்த ஆண்டே சார்ஜென்ட் என்ற ஓவியர் அந்த உடையோடு அவரைத் தீட்டியதால் அதன் புகழ் நிலைத்தது. உடையும் அந்த நடிகை வாழ்ந்த வீட்டில், 2011இல் செப்பனிடப்பட்டு, இன்றும் இருக்கிறது.

உங்கள் இரண்டு பெட்டிகளையும் தயவுசெய்து எடைக்குப் போட வேண்டாம். முதலில் ஒவ்வொரு கட்டையையும் வெயில் நேரடியாகப் படாத நிழலில் எடுத்து வைத்து, முன்னும் பின்னுமாகப் படம் பிடியுங்கள். உயரம், அகலம், எடை, எந்த வேடத்துக்கு உரியது, யார் செய்தது, யார் கட்டி ஆடியது என்பவற்றை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். வரையத் தெரிந்த பிள்ளை ஒருவர் இருந்தால் அளவோடு வரையச் சொல்லுங்கள். புகைப்படத்தில் தெரியாத குடைவும் இணைப்பும் கோட்டில் தெரியும். மரத்தில் செல் அரித்திருந்தால் அந்தக் கட்டையை மட்டும் தனியே வையுங்கள். இவற்றின் நகல் ஒன்றை இந்த இதழின் ஆசிரியர் முகவரிக்கு அனுப்பிவைத்தால், செய்தவர் பெயரோடு அதை இதே பகுதியில் வெளியிட ஆசிரியரிடம் இரண்டு பக்கம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.